திரும்பி வராத பணம்

பாரீஸ் ஈஃபிள் கோபுரத்தின் நுழைவுச்சீட்டை இந்தியாவின் யுபிஐ மூலம் வாங்கும் வசதி 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது தில்லியில் அது ஒரு சாதனையாகக் கொண்டாடப்பட்டது. பெருமைக்குரியதுதான். ஆனால், கோபுரத்தைப் பார்த்துவிட்டு உணவகத்துக்குச் செல்லும் இந்தியர் பெரும்பாலும் வங்கி அட்டையைத்தான் நீட்ட வேண்டியிருக்கிறது. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இந்திய வங்கிகளின் பல கடன் அட்டைகளில் அந்நியச் செலாவணிச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் பிடிக்கப்படுகிறது. அக்கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மூன்று லட்சம் ரூபாய் செலவழிக்கும் குடும்பம் இவ்வகையில் மட்டும் ரூ.12,390 இழக்கிறது. கடையிலுள்ள கருவி "யூரோவிலா, ரூபாயிலா?" என்று கேட்கும்போது, பழகிய நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தேர்ந்தெடுப்பவரின் நிலை இன்னும் மோசம். மாற்று விகிதத்தை இந்திய வங்கிக்குப் பதிலாக அந்தக் கருவியை இயக்கும் நிறுவனமே நிர்ணயிக்கிறது. அதற்குப் பிறகும் சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. யூரோ நிரப்பிய முன்பண அட்டை ஓரளவு காப்பாற்றும். ஆனால், ஷெங்கன் விசா செல்லும் சுவிட்சர்லாந்தில் யூரோ நாணயமல்ல. பிராங்குக்கு மாற்ற மீண்டும் கட்டணம்.

2023 மே 16-இல் வெளிநாட்டுக் கடன் அட்டைச் செலவுகளைப் பணம் அனுப்பும் திட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்து மத்திய நிதி அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். 20 சதவீத வரிப்பிடித்தம் வருகிறது என்று நடுத்தர வர்க்கம் கொதித்தெழுந்தது. ஜூன் 28-இல் அரசு பின்வாங்கியது. இத்தனைக்கும், அந்த வரி வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளக் கூடியது. ஒருபோதும் திரும்பி வராத வங்கிக் கட்டணம் குறித்து அந்த ஆறு வாரங்களில் அப்படியொரு கொந்தளிப்பு எழவில்லை. அக்கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டியில் பங்குபெறும் அரசு அதைக் கிளப்பும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஒரு விதியை இயற்றி, நாணய மாற்றுக் கட்டணம் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதை வெளிப்படையாகக் காட்டுமாறு கட்டாயப்படுத்தியது. அவ்விதி நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரலில். இதைச் செய்ய இந்திய ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லாமலில்லை. புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே வழங்கப்பட வேண்டும், வெளிநாட்டு வசதியை வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்று அது பிறப்பித்த உத்தரவு 2020 அக்டோபர் முதல் நாடெங்கும் அமலானது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதே அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு அட்டைச் செலவுக்கும் வரும் குறுஞ்செய்தியில் கூடுதல் கட்டணம் எத்தனை ரூபாய் என்பதைத் தனியே தெரிவிக்குமாறு வங்கிகளுக்கு அது உத்தரவிட முடியும்.