பத்துக் காசில் ஒரு காசு

தமிழ்நாட்டில் வீடுடையார் அனைவரும் நூலகத்திற்கு வரி கட்டுகின்றனர். சொத்துவரியின்மேல் உருபாவிற்குப் பத்துக் காசு நூலகவரி. எழுத்தறியா மூதாட்டியும் தன் ஓட்டுவீட்டிற்கு இதனைச் செலுத்துகின்றாள். செலுத்துவது நூலகத்திற்கு என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார்தாம் இலர்.

இவ்வரி 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டத்தால் வந்தது. சீர்காழி தந்த நூலகவியலறிஞர் அரங்கநாதனாரின் நெடுங்கால முயற்சி அச்சட்டத்தின் பின்னே நின்றது. அன்று உருபாவிற்கு ஆறு தம்பிடி, அஃதாவது அரையணா. சென்னை நகர் நீங்கலாகப் பிறவிடங்களில், தண்டிய வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகச் சேர்த்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. நூலகத்தை ஆள்வோரின் இரக்கத்தில் விடாது, மக்களின் உரிமைப் பொருளால் நிறுத்திய ஏற்பாடு அது.

அவ்வேற்பாடு இன்று எவ்வாறு நடைபெறுகின்றது? வரியைத் தண்டுவன உள்ளாட்சிகள். பெறவேண்டியன நூலக ஆணைக்குழுக்கள். இரண்டிற்கும் இடையே பணம் தேங்குகின்றது. நூலகவரி நிலுவை என்பது செய்தித்தாள்களில் பன்முறை வந்து பழகிப்போன செய்தி. நூலகத்திற்கென்று வாங்கிய காசைச் சாலைக்கும் சாய்க்கடைக்கும் கைம்மாற்றாகக் கொள்ள உள்ளாட்சிக்கு உரிமை ஏது?

வந்துசேரும் பணத்திலும் நூல்களைக் காத்தற்கும் ஆய்தற்கும் எனத் தனிப்பங்கு வரையறுக்கப்படவில்லை. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இலும் மதுரையில் 2023-இலும் மாபெரும் நூலகங்கள் எழுந்தன. அவை வேண்டியனவே, அவற்றைக் குறைகூறுதல் நன்றன்று. ஆயினும் கட்டடத்திற்குத் திறப்புவிழா உண்டு. நூலடைவிற்கு அது கிடையாது. ஆகவேதான் போலும், அடைவுப்பணிக்கு ஆள்வோரிடை ஆர்வம் எழுவதில்லை!

தமிழுக்கு இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மரக்கூழ்த் தாளில் அச்சேறிய பழைய நூல்களை அத்தாளிலுள்ள காடியே உள்ளிருந்து அரித்துத் தின்கின்றது. தொட்டால் பொடியாகும் அத்தாள்களில்தாம் தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்க வரலாறே கிடக்கின்றது. மறைமலையடிகள் ஞானசாகரம் எனத் தொடங்கி, அறிவுக்கடல் எனத் தமிழ்ப்பெயர் சூட்டிய இதழின் முழுத்தொகுதியை எத்தனை மாவட்ட நூலகங்களில் காணவியலும்? அடிகளார் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த நூல்களைத் தமிழ் மக்களுக்கே விட்டுச் சென்றார். அவற்றைக் கொண்டு 1958-இல் அவர் பெயரால் நூலகம் கண்டது அரசன்று. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்!

கோட்டையூர் உரோசா முத்தையாவின் வரலாறு இன்னும் உறுத்துவது. பெயர்ப்பலகை எழுதிய அவ்வெளிய மனிதர் தம் கைப்பொருள் கொண்டு ஏறத்தாழ ஓரிலக்கம் நூல்களும் இதழ்களும் அறிக்கைகளும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுப்பை வாங்க முன்வந்தது அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகம். அதனைக் கடல் கடத்தாது சென்னையிலேயே நிறுத்தி ஆய்வு நூலகமாக்கியதும் அவர்தம் பெருந்தன்மை. அவர்களுக்கு நன்றி உரித்து. தமிழர்க்கோ நாணம் உரித்து. தமிழ்நூலைக் காக்கும் நல்கை, நூலகவரி கட்டும் தமிழன் நாட்டிலன்றோ முதலிற் பிறந்திருத்தல் வேண்டும்?

தமிழ் இணையக் கல்விக்கழகம் பழநூல்களை மின்வடிவில் ஏற்றியுள்ளது போற்றத்தக்கதே. எனினும் மின்படி மூலநூலுக்கு ஈடாகாது. எந்நூல் எவ்வூரில் உளது என்னும் அடைவின்றிப் படியெடுக்கும் பணியும் முழுமையுறாது.

ஆதலின் சட்டத்தைத் திருத்தி, பத்துக் காசில் ஒரு காசை இப்பணிக்கென்றே அரசு ஒதுக்குதல் வேண்டும். அக்காசில் மாவட்டந்தோறும் நூற்காப்பு அறையொன்றும், பயிற்சி பெற்ற இருவரும், நாடு முழுமைக்குமான அச்சுநூல் அடைவும் அமைதல் வேண்டும். உள்ளாட்சி தண்டிய நூலகவரி எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு என்னும் கணக்கை ஆண்டுதோறும் அவ்வவ்வூர்க் கிளைநூலகத்தின் வாயிற்சுவரில், வரி கட்டியோர் கண்ணிற்படுமாறு எழுதி வைத்தல் வேண்டும்.