கிணறு சரிந்தால் செலவு யாருடையது?

சுரண்டை காய்கறிச் சந்தைக்கு வந்து இறங்கும் தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயத்தில் ஒரு பங்கு குத்தகை நிலத்தில் விளைந்தது. நிலத்துக்காரர் சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். பாடுபடுகிறவர் உள்ளூர்க்காரர். இருவருக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். "வழக்கம்போலப் பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி" என்ற ஒரே வார்த்தையில் பத்து வருடம் ஓடிவிடும்.

விளைச்சல் நன்றாக இருக்கும் வரை இதில் சிக்கல் இல்லை. சேதம் வரும்போதுதான் சிக்கல் வருகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஐப்பசி மழையில் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் சரிந்து, மோட்டார் உள்ளே விழுந்துவிடுகிறது. "நீங்கள்தான் கிணற்று ஓரம் வரை உழுதீர்கள்" என்கிறார் நிலத்துக்காரர். "சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன்" என்கிறார் குத்தகைதாரர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மீண்டும் மீண்டும் எழும் தகராறு இது. சட்டம் இதில் யார் பக்கம் நிற்கிறது என்பதை இரு தரப்பும் தெரிந்துகொள்வது நல்லது.

கடைக்கு ஒரு சட்டம், வயலுக்கு வேறு சட்டம்

சுரண்டை இன்று நகராட்சி. பஜாரில் கமிஷன் கடைக்கோ கிட்டங்கிக்கோ வாடகைக்கு இடம் பிடித்தால், அது 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில், பழுது பார்ப்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. சுவர், கூரை போன்ற கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, உடைந்த கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

அந்தக் கடையிலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கும் வயலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இது கட்டடங்களுக்கான சட்டம். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் குத்தகைதாரரின் கடமைகளைச் சொல்லும் 108-வது பிரிவு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 117-வது பிரிவு, விவசாயக் குத்தகைகளுக்கு அந்த அத்தியாயம் நேரடியாகப் பொருந்தாது என்று விலக்கி வைத்திருக்கிறது. நீதிமன்றங்கள் அதிலுள்ள நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுண்டு.

வயலுக்கு முதன்மையான சட்டம் 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அதற்கு அடுத்தது, நியாயமான குத்தகை எவ்வளவு என்று சொல்லும் 1956-ம் ஆண்டுச் சட்டம். இதன்படி சாதாரண மொத்த விளைச்சலில் 25 சதவீதம் நிலத்துக்காரருக்கு உரியது. மூன்றாவது, யார் குத்தகைதாரர் என்பதைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்யும் 1969-ம் ஆண்டுச் சட்டம். கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-ம் ஆண்டில் வந்த தனிச் சட்டம் இருக்கிறது.

கடைக்கான சட்டத்தில் பழுதுப் பட்டியல் உண்டு. வயலுக்கான சட்டங்களில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. கிணறு, மோட்டார், வேலி, சொட்டுநீர்க் குழாய் பழுதானால் யார் செலவு செய்வது என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தம்தான் நம்மிடம் இல்லை.

குத்தகைதாரரால் வந்த சேதம்

1955-ம் ஆண்டுச் சட்டத்தின் 3-வது பிரிவு, சாகுபடி குத்தகைதாரரை எந்தக் காரணங்களுக்காக வெளியேற்றலாம் என்று எண்ணிச் சொல்கிறது. குத்தகைப் பாக்கி, நிலத்தை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, நிலத்துக்காரரின் உரிமையையே வேண்டுமென்று மறுப்பது ஆகியவை சில. இவற்றுடன், நிலத்தையோ அதிலுள்ள பயிரையோ அழிக்கும் அல்லது கெடுக்கும் செயலும் அலட்சியமும் ஒரு காரணம். சாகுபடியை அடியோடு கைவிடுவதும் அப்படியே.

மேல்மண்ணை வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்பது, வரப்பை அழிப்பது, நின்ற தென்னையையும் பனையையும் கேட்காமல் வெட்டுவது போன்றவை இந்த வரம்புக்குள் வரக்கூடியவை. மண் விவகாரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அனுமதியின்றி மண் அள்ளினால் கனிம விதிகளின்படியும் நடவடிக்கை வரும். வெளியூரில் இருக்கும் பட்டாதாரரும் அதில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் நிலத்துக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேதம் நடந்தது என்பதற்காக அவரே பூட்டுப் போட முடியாது. மின் இணைப்பைத் துண்டிக்க முடியாது. டிராக்டரை இறக்கி நின்ற பயிரை உழ முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரிடமோ, வருவாய் நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கோ மனு செய்து, விசாரணைக்குப் பிறகுதான் வெளியேற்ற முடியும். மேலும் இந்தப் பிரிவு வெளியேற்றத்தைப் பற்றியது மட்டுமே. சேதத்துக்குப் பணமாக இழப்பீடு வேண்டுமென்றால் அதற்கு உரிமையியல் வழக்குதான் பொதுவான வழி. அங்கே முதல் கேள்வி, "நிலத்தை ஒப்படைத்த நாளில் அது எப்படி இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திச் சாகுபடி செய்பவரே சட்டத்தின் பார்வையில் சாகுபடி குத்தகைதாரர். முழுக்கக் கூலியாள் வைத்து, பல ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடும் வியாபாரி அந்த நிழலில் நிற்பது கடினம்.

வானத்தால் வந்த சேதம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி, நெல்லை அளவுக்கு இல்லாவிட்டாலும் தென்காசி மாவட்டத்துக்கும் பாதிப்பு இருந்தது. இதுபோன்ற சேதத்துக்குக் குத்தகைதாரர் பொறுப்பல்ல என்பதே பொது நியாயம். 108-வது பிரிவு சொல்வதும் அதுதான். பெற்ற நிலையிலேயே சொத்தைத் திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் இதற்கு விலக்கு. வயலில் மணல் மூடி, நிலம் நிரந்தரமாகவே சாகுபடிக்கு ஆகாமல் போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையும் குத்தகைதாரருக்கு உண்டு. சேதம் அவருடைய தவறால் நேர்ந்திருந்தால் மட்டும் இந்த உரிமை இல்லை.

உண்மையான பிரச்சினை அடுத்த கட்டத்தில் வருகிறது. நிவாரணம் யார் கைக்குப் போகும்? அந்த ஆண்டு வெள்ளத்தில் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ரூ.22,500, மானாவாரிப் பயிர்களுக்கு ரூ.8,500 என்று தமிழக அரசு நிவாரணத்தை உயர்த்தி அறிவித்தது. இந்தப் பணம் பயிர் போட்டவரின் இழப்புக்கானது. ஆனால் அவர் பெயர் அடங்கலில் இல்லாமல், பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால், விதை, உரம், கூலி எல்லாம் கடன் வாங்கிப் போட்டவர் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரக்காரரும் சேர இடமுண்டு. அதற்கும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று தேவை. காட்டு விலங்குகளால் வரும் பயிர்ச்சேதத்தையும் 2026 காரிப் பருவம் முதல் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்துடன் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மலையடிவாரத்தில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து இரவுக் காவல் இருப்பவர்களில் குத்தகைதாரர்களும் உண்டு. சான்று இல்லாதவருக்கு இந்தப் பலனும் எட்டாது. பி.எம். கிசான் உதவித்தொகையோ தொடக்கத்திலிருந்தே நிலம் சொந்தமாக உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான்.

மற்றவர்களால் வந்த சேதம்

நிலத்துக்காரரும் சேதம் செய்யக்கூடும். நின்ற பயிரோடு நிலத்தை விற்பது, அளவை செய்கிறோம் என்று வேலிக்கல் ஊன்றுவது, வாய்க்காலை மறிப்பது எல்லாம் நடக்கின்றன. காலம் குறிக்காத குத்தகை, குத்தகைதாரரின் தவறில்லாமல் முடிவுக்கு வந்தால், அவர் போட்ட பயிர் அவருக்கே சொந்தம். அறுத்து எடுத்துச் செல்ல வந்துபோகவும் உரிமை உண்டு என்பது 108-வது பிரிவு காட்டும் நியாயம். சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்ட சாகுபடி குத்தகைதாரர், நிலத்தை மீண்டும் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம்.

வெளியாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுரண்டைக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் வயல்களில் சூரியகாந்தி பூத்துவிட்டால், குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் படம் பிடிக்கப் பயிருக்குள் இறங்குகிறார்கள். வேண்டுமென்றே பயிரை மிதித்து அழித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 324-வது பிரிவின்படி அது சொத்துச் சேதக் குற்றம். புகார் செய்யவும் இழப்பீடு கேட்கவும் பயிருக்குச் சொந்தக்காரரான குத்தகைதாரருக்கு உரிமை உண்டு. நிலத்துக்காரர் ஊரிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பின் ஏன் யாரும் எழுதுவதில்லை?

காரணம் பயம்தான். எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர் நினைக்கிறார். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார் என்று குத்தகைதாரர் நினைக்கிறார். நிலத்துக்காரரின் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. 1955-ம் ஆண்டுச் சட்டம் எளிதில் வெளியேற்ற விடாது. 11 மாதத்துக்கு எழுதினால் தப்பிக்கலாம் என்பதும் தவறான கணக்கு. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்பவரைச் சட்டம் சாகுபடி குத்தகைதாரராகவே பார்க்கிறது.

ஆனால் எழுதாமல் விடுவதாலும் நிலத்துக்காரருக்கு லாபமில்லை. சட்டமே வெளிப்படையான ஒப்பந்தத்தையும், நடத்தையிலிருந்து தெரியும் ஒப்பந்தத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. அடங்கல், குத்தகைப் பண ரசீது, அக்கம்பக்கத்தார் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு குத்தகைதாரர் தன் உரிமையை நிலைநாட்ட முடியும். அப்போது காகிதம் இல்லாததால் நஷ்டப்படுகிறவர் நிலத்துக்காரர்தான். கிணறும் மோட்டாரும் மரங்களும் எப்படி இருந்தன என்று அவரால் காட்ட முடியாது.

ஆந்திரப் பிரதேசம் 2019-ல் ஒரு நடுவழியைச் சட்டமாக்கியது. நிலத்துக்காரரின் சம்மதத்தோடு 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை வழங்கப்படும். கடன், காப்பீடு, நிவாரணம் பெற அது உதவும். நில உரிமையை அது தொடாது. நிதி ஆயோக் 2016-ல் தந்த மாதிரிச் சட்டமும் இதே திசையில் பேசியது. தமிழ்நாட்டிலும் இரு தரப்பின் பயத்தையும் தணிக்கும் இப்படி ஒரு ஏற்பாடு தேவை. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தரும் பணி பட்டாவை வைத்தே நடந்துவரும் இந்த நேரத்தில், பயிர் செய்பவரைத் தனியே பதிவு செய்யாவிட்டால் இடைவெளி இன்னும் அகலும்.

இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற சட்டத்திலேயே வழி உண்டு.

• குத்தகை ஒப்பந்தத்தை மூன்று பிரதிகளாக எழுதுங்கள். நிலத்துக்காரருக்கு ஒன்று, குத்தகைதாரருக்கு ஒன்று, மூன்றாவது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. 1955-ம் ஆண்டுச் சட்டமே இதைச் சொல்கிறது. சுரண்டைக்கு அது வீரகேரளம்புதூர் வட்டம்.

• ஒப்படைக்கும் நாளில் கிணற்றுச் சுவர், மோட்டாரின் குதிரைத் திறன், குழாய், வேலி, மரங்களின் எண்ணிக்கை, வரப்பு எல்லாவற்றையும் பட்டியலிட்டு, தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து, இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

• மோட்டார் காயில் எரிந்தால் யார், கிணறு சரிந்தால் யார், சொட்டுநீர்க் குழாய் மாற்றம் யார் என்று தனித்தனியே எழுதுங்கள். சிறு பழுது குத்தகைதாரருக்கு, பெரும் பழுது நிலத்துக்காரருக்கு என்று பிரிப்பது நியாயமான வழி.

• பயிர் போன போகத்துக்குக் குத்தகையை எவ்வளவு குறைப்பது, நிவாரணமும் காப்பீடும் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

• பழுதைப் பார்த்தவுடன் நிலத்துக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பின்னால் உதவும்.

• குத்தகைப் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். நிலத்துக்காரர் வாங்க மறுத்தால், கோட்டாட்சியரிடம் செலுத்தச் சட்டம் இடம் தருகிறது. மறுக்கிறார் என்று சும்மா இருந்துவிட்டால் அது பாக்கியாகிவிடும்.

• ஒவ்வொரு போகத்துக்கும் அடங்கலில் பயிரும் சாகுபடி செய்பவர் பெயரும் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். 1969-ம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கவும் மனு செய்யலாம்.

தகராறு முற்றிவிட்டால் நேரே வழக்குக்குப் போக வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு வழி உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் முடியும் தீர்வு, நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு இல்லை. இழப்பீட்டு வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு என்பதையும் மறக்க வேண்டாம்.

களத்தில் வேலை பார்க்கும் உதவி வேளாண் அலுவலர்களும் தோட்டக்கலை அலுவலர்களும் விதைப்புக்கு முந்தைய கூட்டங்களில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். விதை நேர்த்தி சொல்வதுபோல, ஒப்பந்தம் எழுதவும் சொல்லிக் கொடுக்கலாம். பிசானத்துக்கு நாற்றுப் பாவும் முன் நிலத்துக்காரரும் குத்தகைதாரரும் ஒருமுறை கிணற்றடியில் சேர்ந்து நின்று, சுவரைப் பார்த்து, படம் எடுத்து, நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், மழை கொட்டிச் சுவர் சரிந்தாலும் பேச்சு கிணற்றைப் பற்றியதாகவே இருக்கும். உறவைப் பற்றியதாக மாறாது.