வீடுகளை எண்ணினால் போதுமா?

சுகாதாரப் பணியாளரின் உழைப்பை அன்றாடம் பார்த்த வீடுகளின் எண்ணிக்கையால் அளந்து, அதன்படியே ஊக்கத்தொகை தர வேண்டும் என்கிறார்கள். இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு.

2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கி தமிழகம் முழுக்கப் பரவிய, வீடு தேடிப் போய் மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இரும்புலியூரில் ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் 170 காட்டுகிறது என்று வையுங்கள். போன மாத மாத்திரை அட்டை பாதிகூடத் தீரவில்லை. “தலை சுத்துதும்மா, அதான் நிறுத்திட்டேன்” என்கிறார். உட்கார்ந்து பேசி, மருத்துவரிடம் கேட்டு, மறுபடி மாத்திரை போடச் சம்மதிக்க வைக்க அரை மணி நேரம் ஆகும். பதிவேட்டில் அது ஒரு வீடு. வாசலிலேயே மாத்திரையை நீட்டிவிட்டு நகர்ந்தாலும் ஒரு வீடுதான். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் இரண்டில் எது நடக்கும்?

அளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கியது என்று எண்ணுங்கள். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் அப்படித்தான் எண்ணுகிறது. மாத்திரை தட்டுப்பாடில்லாமல் வந்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மருந்து வராத மாதத்துக்கு பணியாளரின் ஊக்கத்தொகையில் கை வைப்பது அநியாயம்.