கணினி வந்தது, கற்றல் வந்ததா?

1984இல் ரங்கராஜன் குழு வங்கிகளில் கணினியைப் புகுத்தப் பரிந்துரைத்தபோது, வேலை பறிபோகும் என ஊழியர் சங்கங்கள் அஞ்சின. அந்த அச்சத்தை அறியாமை என ஒதுக்கிவிடலாகாது. 1993இல் சங்கங்களோடு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே இப்பணி வேகம் பெற்றது. பின்னர் வந்த கோர் பேங்கிங் முறையால், ஒரு கிளையின் பேரேட்டில் கிடந்த கணக்கு வங்கி முழுவதற்கும் உரிய கணக்காயிற்று. எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்பது அன்று பெரும் புதுமை!

ஆனால் கருவி மட்டும் ஒரு வங்கியை உயர்த்திவிடுமா? பாரத ஸ்டேட் வங்கியின் அனுபவம் இங்குக் கவனிக்கத்தக்கது. தனியார் வங்கிகளின் போட்டியில் அது தன் பங்கை இழந்துகொண்டிருந்த வேளை. 2007இல், ஓ.பி.பட் அவர்கள் தலைவராயிருந்தபோது, 'பரிவர்த்தன்' (மாற்றம்) என்ற பெயரில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சில மாதங்களுக்குள் பயிலரங்குகள் நடந்தன. கணினியை இயக்கும் பயிற்சி அல்ல அது. நம் வங்கி ஏன் பின்தங்குகிறது, வாடிக்கையாளர் ஏன் விலகுகிறார் என்று ஊழியர்களோடு வெளிப்படையாகப் பேசினார்கள். மேலிருந்து சுற்றறிக்கை மட்டுமே வந்து பழகிய ஒரு நிறுவனத்தில் இது சிறிய காரியமன்று.

மாறாக, தொழில்நுட்பத்தில் முன்னோடி எனப் பெயர் பெற்ற எச்.டி.எஃப்.சி. வங்கியின் இணையச் சேவைகள் இரண்டாண்டுகளில் பலமுறை முடங்கியதால், அதன் புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கடன் அட்டைகளையும் 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. தடை முற்றிலும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. புதுமையைச் சேர்த்துக்கொண்டே போனால் போதாது, அதைத் தாங்கும் அடித்தளமும் வளர வேண்டுமென்பதை அவ்வங்கி இப்படிக் கற்க நேர்ந்தது.

2016இல் யு.பி.ஐ. வந்தபின் இளையோருக்கு வங்கி கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. நம் முதியோரின் நிலை வேறு. வயலில் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைப் பல நேரங்களில் கருவி ஏற்பதில்லை. முதியோர் உதவித்தொகைக்காக மறுநாளும் நடக்கிறார்கள். வங்கியின் செயல்திறன் அறிக்கையில் இந்த நடை எந்தக் கணக்கில் வரும்?

எழுபது வயதைக் கடந்தோருக்கு வீடு தேடிச் சென்று அடிப்படைச் சேவை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே அறிவுறுத்தியது. 2020இல் அதை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் முதியோர் இருந்தால், உங்கள் கிளையில் இச்சேவை குறித்தும் அதற்கான கட்டணம் குறித்தும் கேட்டுப் பாருங்கள்.