வலிப்பை மறைக்காதீர்கள்... காரணம் கேளுங்கள்!

"சாவிக்கொத்து இருக்கா? சீக்கிரம் கையில குடுங்க!"

நடுரோட்டில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால் கூட்டத்தில் எழும் முதல் குரல் இதுதான். பெரும்பாலும் சில நிமிடங்களில் வலிப்பு தானாகவே நிற்கும். பெயர் என்னவோ சாவிக்குப் போய்விடும்! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

சரி, கோளாறு எங்கே இருக்கிறது? சிலருக்கு மூளை செல்லுக்குள்ளேயே!

செல்லுக்குள் 'வளர்', 'போதும், நிறுத்து' என்று புரதங்கள் ஒன்றுக்கொன்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கின்றன. வளர்ச்சி வேலைக்கு மேஸ்திரி, 'எம்டார்' என்ற புரதம். அதை அடக்கி வைப்பவை இரண்டு ஜீன்கள். அதில் ஒன்று பழுதானால் மேஸ்திரியைத் தட்டிக் கேட்க ஆளில்லை! செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும், மூளையில் முடிச்சு முடிச்சாகத் தோன்றும், வலிப்பு கிளம்பும். 'ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ்' என்ற நோயின் கதை இது.

வழக்கமான மாத்திரைகள் மூளையின் மின் கொந்தளிப்பைத் தணிக்கின்றன. மேஸ்திரியையே அடக்குவது 'எவரோலிமஸ்'. 366 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. கூடுதல் அளவில் மருந்து பெற்றவர்களில் 100-க்கு 40 பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 பேருக்குத்தான். 2018-ல் அமெரிக்கா இதை இந்த நோயின் வலிப்புக்குத் துணை மருந்தாக அனுமதித்தது.

உடனே, "எங்க பையனுக்கும் அதையே எழுதுங்க டாக்டர்" என்று கிளம்பிவிடாதீர்கள். இது எல்லா வலிப்புக்கும் ஆகாது. வாய்ப்புண், தொற்று போன்ற தொல்லைகளும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. 'ஃபிட்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல், "இது ஏன் வருது?" என்று டாக்டரைக் கேளுங்கள். வலிப்பு வரும் குழந்தையின் தோலில் இலை வடிவில் வெளிறிய திட்டுகள் இருந்தால் அதையும் மறக்காமல் காட்டுங்கள். நல்ல தடயம் அது.

ஆனால், கேட்பதற்கு முதலில் மறைக்காமல் இருக்க வேண்டுமே! நம் வீடுகளில் அதுதானே சிக்கல்? குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால் 'வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது' என்று பொத்திப் பொத்தி வைக்கிறோம். கல்யாணமான பிறகு மாமியார் கண்ணில் படக் கூடாது என்று அந்தப் பெண் மாத்திரையையே நிறுத்திவிடுகிறாள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்து திருமணச் சட்டத்தில்கூட ஒரு காலத்தில் வலிப்பு நோய் தடையாக இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டமே திருந்திவிட்டது. சம்பந்தம் பேசுகிற நாம் எப்போது திருந்தப்போகிறோம்?