கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்குவது யார்?

தூத்துக்குடியில் முத்துக்குளிக்கப் போன படகில் 10 பேர் மூழ்குவார்கள். ஆனால் கல் ஐந்துதான் இருக்கும்!

கல்லில் காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் இறங்குவார்கள். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர்கள் அதை உடனே மேலே இழுத்துக் கொள்வார்கள். சுமார் ஒரு நிமிடம் சிப்பி பொறுக்கிவிட்டு வந்தவர் இளைப்பாறும்போது, அதே கல்லில் அடுத்தவர் இறங்குவார்.

ஒருவர் கல்லை விடாமல் பிடித்துக் கொண்டால் என்ன ஆகும்? இன்னொருவர் படகிலே சும்மா உட்கார வேண்டியதுதான்!

தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் கயிற்றை விடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலில் அல்ல, கம்ப்யூட்டரில்!

லாரி நிற்கிறது

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். எந்தப் பெட்டி, எந்த லாரி, எந்தக் கப்பல் என்ற கணக்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு டேட்டாபேஸ் சர்வர் என்று பெயர். அதனிடம் கணக்குக் கேட்க ஓர் இணைப்பு வேண்டும். அதுதான் கயிறு.

இணைப்புகளுக்கு எண்ணிக்கை உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் 151. போஸ்ட்கிரஸ் என்பதில் 100. அத்தனையும் தீர்ந்துவிட்டால், அடுத்து வருபவருக்கு ஒரே பதில்தான்: "இணைப்புகள் மிக அதிகம்!"

சீட்டு வராது. சரக்கு லாரி வாசலில் நிற்கும். கப்பல் காத்திருக்குமா?

திட்டு வாங்குவது யார்? பெரும்பாலும், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண்தான். பாவம், அவர் என்ன செய்வார்?

தவறான வைத்தியம்

உடனே முதலாளி கத்துவார்: "151-ஐ ஆயிரம் ஆக்கு!"

இது தவறான வைத்தியம். ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரின் நினைவகத்தில் இடம் வேண்டும். போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஓர் ஆளையே வைப்பதுபோல, தனி வேலையைத் தொடங்கிவிடும். அளவு தெரியாமல் கூட்டினால் நினைவகம் தீர்ந்து, சர்வரே படுத்துவிடும். முன்பு சிலருக்குத்தான் சீட்டு இல்லை. இப்போது ஒருவருக்கும் இல்லை!

இன்னொரு வைத்தியம், சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவது. அப்போதைக்குச் சரியாகும். ஆனால் கயிற்றைப் பிடித்திருந்தது யார் என்ற தடயம் அழிந்துவிடும். திருடன் வந்துபோன வீட்டை போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்குவதைப் போன்றது இது. நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே தொல்லை வரும்.

எட்டு மணி நேரத் தூக்கம்

முதலில் செய்ய வேண்டியது, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பது. மைஎஸ்கியூஎல்லில் "ஷோ பிராசஸ்லிஸ்ட்" என்று கேட்டால் பட்டியல் வரும். அதில் வரிசையாக "ஸ்லீப்" என்று இருந்தால் குட்டு உடைந்தது! ஸ்லீப் என்றால் தூக்கம். வேலை முடிந்தும் இணைப்பை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

இப்படித் தூங்குகிறவரைச் சர்வர் எவ்வளவு நேரம் பொறுத்துக் கொள்ளும்? யாரும் மாற்றாவிட்டால் 28,800 விநாடி. அதாவது 8 மணி நேரம்!

குற்றவாளி பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான். இணைப்பைத் திறக்கும். நடுவில் ஏதாவது தவறு நேர்ந்தால், மூட மறந்துவிடும். அதை எழுதியவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். 8 மணி நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைக்கலாம். ஐந்து கல்லைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பிடித்தார்களே, அதுபோலச் சில இணைப்புகளைப் பலர் பகிரவும் ஏற்பாடு உண்டு. அதற்கு "பூல்" என்று பெயர்.

151 பேரும் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தால்? அப்போது கூட்டுங்கள். நினைவகத்தையும் கணக்குப் பார்த்துக் கூட்டுங்கள்.

ரெயில்வே செய்தது

முத்துநகர் எக்ஸ்பிரசில் சென்னைக்குத் தட்கல் டிக்கெட் எடுக்க, காலை 11 மணிக்கு செல்போனோடு உட்கார்ந்து ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ! தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை மனிதர்களே அல்ல, தானாக இயங்கும் மென்பொருள்கள் என்று 2025-ம் ஆண்டில் ரெயில்வே சொன்னது. இரண்டரை கோடி கணக்குகளை முடக்கியது. அந்த ஆண்டு மே 22-ந் தேதி ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. வாசலை அகலப்படுத்தினால் மட்டும் போதும் என்று ரெயில்வே இருந்துவிடவில்லை. பொய்யாட்களை வெளியே தள்ளியது. அதுதான் சரி.

நூற்று ஐம்பத்திரண்டாவது கயிறு

மைஎஸ்கியூஎல் 151-க்கு மேல் ஒரே ஓர் இணைப்பை ஒதுக்கி வைத்திருக்கிறது. எல்லாம் அடைபட்ட நேரத்தில் நிர்வாகி உள்ளே போய்ப் பார்ப்பதற்காக!

பல அலுவலகங்களில் அந்த நிர்வாகி அதிகாரத்தையே அன்றாட மென்பொருளுக்கும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு வைத்த அந்தக் கயிற்றையும் அது பிடித்துக் கொள்கிறது. நிர்வாகி வெளியே நிற்கிறார், லாரி டிரைவரைப் போல!