சுற்றி வரும் சுஷி: சிலருக்கு இனிப்பு, சிலருக்குக் கசப்பு!

சாப்பிடுகிறவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். சாப்பாடு அவரைத் தேடி வருகிறது!

ஒரு தட்டு வருகிறது. அதன் பின்னால் இன்னொரு தட்டு. அதற்கும் பின்னால் இன்னொன்று. பிடித்த தட்டை எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். அது அடுத்த மேஜைக்குப் போய்விடும்.

இதுதான் ஜப்பான் நாட்டின் "சுற்றும் சுஷி"க் கடை.

இந்தக் கடைக்குப் போய் வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். இவ்வளவு மலிவாகவும் சந்தோஷமாகவும் வேறு எங்கும் சாப்பிட முடியாது என்பது ஒரு கட்சி. மீன் காய்ந்து போயிருந்தது, பேசுவதற்கு ஓர் ஆள் கூட இல்லை, இது ஓட்டலா தொழிற்சாலையா என்பது மற்றொரு கட்சி.

இரண்டுமே உண்மைதான். கடை ஒன்று, அனுபவம் இரண்டு. அது எப்படி? 2023-ம் ஆண்டு அந்தக் கடைகளை ஆட்டி வைத்த சம்பவம் ஏன் நடந்தது? இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

சுஷி என்றால் என்ன?

சோற்றில் வினிகர், உப்பு, சர்க்கரை சேர்த்துப் பிசறுகிறார்கள். அதை விரல் அளவுக்குக் கையால் பிடிக்கிறார்கள். மேலே ஒரு துண்டு மீன் வைக்கிறார்கள். பெரும்பாலும் அது சமைக்காத மீன். சோயா சாஸில் லேசாகத் தொட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

டோக்கியோ நகரத்துக்கு முன்பு எடோ என்று பெயர். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், எடோவின் தெருக் கடைகளில் இந்தச் சுஷி பிரபலமாயிற்று. போகிற போக்கில் நின்று வாங்கித் தின்னும் பலகாரமாகத்தான் அது இருந்தது.

பிறகு சுஷிக்கு அந்தஸ்து வந்துவிட்டது. கை தேர்ந்த சமையற்காரர் எதிரே நிற்பார். வாடிக்கைக்காரர் முன்னால் உட்காருவார். பல கடைகளில் விலைப் பலகையே கிடையாது. அன்றைய மீன் விலைதான் சுஷியின் விலை. எவ்வளவு ஆயிற்று என்பது கடைசியில் கணக்கு வரும்போதுதான் தெரியும்!

பிள்ளை குட்டிகளோடு போகிற குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா? சாதாரண ஜனங்களுக்குச் சுஷி விசேஷ நாள் சாப்பாடாக ஆகிவிட்டது.

பீர் பாட்டில் சொன்ன யோசனை

இந்த நிலைமையை மாற்றியவர் யோஷியாகி ஷிராயிஷி. ஒசாகா பக்கத்தில் சிறிய சுஷிக் கடை வைத்திருந்தவர்.

அவருக்கு ஒரு கவலை. கடைக்குக் கூட்டம் வருகிறது. ஆனால் வேலைக்கு ஆள் போதவில்லை. மலிவாகக் கொடுத்தால் சம்பளம் கட்டவில்லை. என்ன செய்வது?

ஒரு சமயம் பீர் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். அங்கே பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் பாட்டில்கள் வரிசையாகப் போயின. "பாட்டில் போகிற இடத்தில் சுஷித் தட்டு போனால் என்ன?" என்ற யோசனை பிறந்தது.

யோசனை சுலபம். செய்து முடிப்பது கஷ்டம். மூலையில் திரும்பும்போது தட்டு விழக் கூடாது. பெல்ட் வேகமாக ஓடினால் மீன் காய்ந்துவிடும். மெதுவாக ஓடினால் பசியோடு இருப்பவருக்குப் பொறுமை போய்விடும். கடைசியில் ஒரு வினாடிக்கு 8 சென்டிமீட்டர் என்ற வேகத்தை அவர் பிடித்தார்.

1958-ம் ஆண்டு முதல் கடையைத் திறந்தார். 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய சுற்றும் சுஷி இடம் பெற்றது. நாடெங்கும் அதன் புகழ் பரவியது.

அவருடைய உரிமைக் காலம் 1970-களின் இறுதியில் முடிந்தது. மற்றவர்களும் பெல்ட் போட ஆரம்பித்தார்கள். 1981-ல் சோற்றைப் பிடித்துத் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. குரா சுஷி, சுஷிரோ போன்ற பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஊர் கிளை திறந்தன. ஒரு தட்டில் இரண்டு சுஷி. விலை வரி நீங்கலாக 100 யென். இந்தியப் பணத்தில் சுமார் 60 ரூபாய்தான்!

குடும்பங்கள் ஏன் கொண்டாடுகின்றன?

முதல் காரணம், பயம் இல்லை. விலை முன்கூட்டியே தெரியும். சாப்பிட்ட தட்டுகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

இரண்டாவது காரணம், வெட்கம் இல்லை. மீனின் பெயர் தெரியாவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம், குழந்தைகள். "குரா சுஷி"யில் காலித் தட்டை மேஜையில் உள்ள ஒரு துவாரத்தில் போட வேண்டும். ஐந்து தட்டு போட்டால் திரையில் ஒரு விளையாட்டு வரும். ஜெயித்தால் சிறிய பொம்மைப் பரிசு! பரிசுக்காகவே இன்னொரு தட்டு கேட்கிற பிள்ளைகள் உண்டு. கடைக்காரரின் தந்திரமும் அதுதான்.

பெல்ட்டில் மீன் மட்டுமா வருகிறது? வறுத்த கோழி வரும். முட்டை வரும். கேக் வரும். பச்சை மீன் பிடிக்காத பாட்டியும், இனிப்புக் கேட்கிற பேரனும் ஒரே மேஜையில் சாப்பிட முடிகிறது.

குறை சொல்கிறவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சமையல் அறைக்கு அருகில் இருப்பவருக்குப் புதுத் தட்டு முதலில் கிடைக்கும். பெல்ட்டின் கடைசியில் இருப்பவருக்கு மற்றவர்கள் விட்டதுதான் வரும். கூட்டம் இருக்கும் நேரத்தில் தட்டு சீக்கிரம் காலியாகும். மீன் புதிதாக இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் அதே தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, ஒருவர் எங்கே உட்கார்ந்தார், எப்போது போனார் என்பதைப் பொறுத்து ருசி மாறிவிடுகிறது!

இதைக் கம்பெனிகளும் அறியும். சுஷிரோ கடைகளில் தட்டின் அடியில் சிறு மின்சில்லு வைத்தார்கள். 350 மீட்டர் தூரம் ஓடியும் யாரும் எடுக்காவிட்டால் அந்தத் தட்டை ஒதுக்கிவிட ஏற்பாடு செய்தார்கள்.

விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. 2021-ம் ஆண்டின் பின்பகுதியில் கடல் முள்ளெலி, நண்டு ஆகியவற்றில் செய்த சுஷி மலிவு விலையில் கிடைக்கும் என்று சுஷிரோ விளம்பரம் செய்தது. போனவர்களில் பலருக்கு "தீர்ந்துவிட்டது" என்ற பதில்தான் கிடைத்தது. பெரும்பாலான கிளைகளில் சில நாட்களாவது அந்தச் சரக்கு இல்லை. ஜப்பான் அரசாங்கத்தின் நுகர்வோர் இலாகா தலையிட்டது. இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 2022 ஜூன் மாதம் உத்தரவு போட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் 100 யென் காலமும் முடிந்தது. மீன் விலை ஏறியது. எண்ணெய் விலை ஏறியது. யென் மதிப்பு இறங்கியது. சுஷிரோவில் வரியோடு 110 யென்னாக இருந்த மிக மலிவான தட்டு 120 யென் ஆயிற்று.

கூட 10 யென் பெரிய தொகை அல்ல. ஆனாலும் மலிவு என்பதற்காகவே போனவர்களுக்கு மனம் சுருக்கென்றது.

அதிக விலை கொடுத்தால் குறை தீருமா?

தீராது! டோக்கியோவில் சுகியாபாஷி ஜிரோ என்ற கடை இருக்கிறது. கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள சிறிய கடை. பத்துப் பேர் உட்காரலாம். ஒருவர் சாப்பிட 30,000 யென்னுக்கு மேல் ஆகும். 2007-ல் மிஷ்லின் என்ற புகழ்பெற்ற உணவுக் கையேடு இதற்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. 2011-ல் இந்தக் கடையைப் பற்றிச் சினிமாப் படமே வந்தது.

அங்கும் இரண்டு கட்சி உண்டு. அதைப் போன்ற சுஷி உலகத்தில் இல்லை என்று புகழ்கிறவர்கள் ஏராளம். சமையற்காரர் ஒன்றன்பின் ஒன்றாக வைக்க, சுமார் அரை மணி நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடுகிறதே என்று வருந்துகிறவர்களும் உண்டு. சாதாரண ஆட்கள் அங்கே இடம் பிடிப்பது குதிரைக் கொம்பு. இந்தக் காரணத்தால் 2019-ல் மிஷ்லின் கையேடு அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஆகவே விலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜிரோ கடையில் ஒரு மனிதரை நம்பிச் சாப்பிடுகிறார்கள். சுற்றும் சுஷிக் கடையில் யாரை நம்புகிறார்கள்?

பக்கத்து மேஜைக்காரரை!

இதுதான் முக்கியமான சங்கதி. எதிரே வரும் தட்டு, முன் பின் தெரியாத இருபது பேரைத் தாண்டி வருகிறது. அவர்களில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அடுத்தவர் கை நீட்டுகிறார். மேஜையில் உள்ள சோயா சாஸ் பாட்டிலும் பொது. தேநீர்க் குவளையும் பொது.

ஷிராயிஷி பரிமாறும் ஆட்களைக் குறைத்தார். அதனால் விலை குறைந்தது. பரிமாறும் ஆள் போனபோது, தட்டைப் பார்த்துக்கொள்ளும் கண்ணும் போய்விட்டது. அந்த இடத்தில் நம்பிக்கை மட்டும் நின்றது. அது வெகு காலம் நின்றது.

வாலிபன் செய்த வேலை

2023 ஜனவரி மாதக் கடைசி. கைத்தொலைபேசிகளில் ஒரு படம் பரவியது.

கிஃபு நகரத்தின் சுஷிரோ கிளையில் பள்ளி மாணவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். சோயா சாஸ் பாட்டிலின் வாயை நாக்கால் நக்குகிறான். தேநீர்க் குவளையை நக்கித் திரும்ப அதே இடத்தில் வைக்கிறான். விரலை எச்சில் செய்து, பெல்ட்டில் போகும் சுஷியைத் தொடுகிறான்! இதை வேடிக்கை என்று நினைத்துப் படம் பிடித்தார்கள்.

நாடே அருவருப்பு அடைந்தது. சுஷிரோ கம்பெனியின் பங்கு விலை ஒரே நாளில் சுமார் 5 சதவிகிதம் விழுந்தது. அந்தக் கிளையில் இருந்த பாட்டில்களை எல்லாம் மாற்றினார்கள். குவளைகளை எல்லாம் கழுவினார்கள். மாணவனும் பெற்றோரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனாலும் கம்பெனி ஒசாகா கோர்ட்டில் சுமார் 6 கோடியே 70 லட்சம் யென் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. ஜூலை 31-ல் வழக்குச் சமரசமாக முடிந்தது.

நகோயாவில் உள்ள ஒரு குரா சுஷிக் கடையிலும் இப்படிச் சோயா சாஸ் பாட்டிலில் வாய் வைத்துப் படம் பிடித்தார்கள். 2023 மார்ச் மாதம் அங்கே மூன்று பேர் கைதானார்கள்.

சிலர் இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே போய்ச் சாப்பிட்டார்கள். சுஷிரோவைக் காப்பாற்றுவோம் என்று எழுதினார்கள். ஒருவன் செய்த குற்றத்துக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்பது அவர்கள் எண்ணம்.

பெல்ட் நின்றது

சுஷிரோ தன் கடைகளில் சுஷியைப் பொதுவாகச் சுற்ற விடுவதை நிறுத்தியது. வாடிக்கைக்காரர் திரையில் தொட்டுக் கேட்டால், அவர் கேட்ட தட்டு மட்டும் அவர் மேஜைக்கு வரும். வேறு சில கம்பெனிகளும் இதே வழிக்கு வந்தன.

குரா சுஷி பெல்ட்டைக் கைவிடவில்லை. அதன் தட்டுகளுக்கு முன்பே மூடி உண்டு. 2023 மார்ச்சில் புதிய காவலும் போட்டது. ஒருவர் மூடியைத் திறந்து, எடுத்த தட்டைத் திரும்ப வைத்தால் மேலே உள்ள காமிரா கண்டுபிடித்துவிடும்!

சுஷிரோவுக்கும் ஒரு குறை தெரிந்தது. சுஷி சுற்றாத கடை குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே 2023-ம் ஆண்டின் பிற்பகுதியில் சில கிளைகளில் மேஜைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்தது. அந்தத் திரையில் சுஷியின் படம் ஓடுகிறது. படத்தைத் தொட்டால் உண்மையான தட்டு வருகிறது.

நஷ்டம் யாருக்கு?

மூடிக்குப் பணம் வேண்டும். காமிராவுக்குப் பணம் வேண்டும். திரைக்கும் பணம் வேண்டும். கடைசியில் அந்தச் செலவு சாப்பிடுகிறவர் தலையில்தான் விடியும். நம்பிக்கைக்கு மட்டும்தான் செலவு இல்லை. அதனால்தான் 100 யென்னுக்குச் சுஷி கொடுக்க முடிந்தது. மீன் விலையும் நாணய மதிப்பும் அரசாங்கங்களின் கையில் கூட முழுக்க இல்லை. நம்பிக்கை மட்டும் சாப்பிட வருகிறவர்களின் கையிலேயே இருக்கிறது.

2025-ல் ஒசாகாவில் மறுபடியும் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே குரா சுஷி 135 மீட்டர் நீளத்துக்குப் பெல்ட் போட்டது. ஜப்பான் சுஷியோடு சுமார் 70 நாடுகளின் பலகாரங்களும் அதில் வலம் வந்தன. பல தேசத்து ஜனங்கள் அக்கம்பக்கம் உட்கார்ந்து, எதிரே வந்த தட்டை எடுத்துச் சாப்பிட்டார்கள். அக்டோபர் மாதம் பொருட்காட்சி முடியும் வரையில் பெல்ட் ஓடியது.

1970-ல் அதே ஊர்ப் பொருட்காட்சிக்கு வந்தவர்கள் பெல்ட்டைக் கண்டு அதிசயப்பட்டார்கள். 2025-ல் பெல்ட் யாருக்கும் அதிசயம் இல்லை. இத்தனைக்கும் பிறகு, அறியாத மனிதர்களைத் தாண்டி வந்த தட்டுக்கு ஜனங்கள் மறுபடியும் கை நீட்டினார்கள். அதுதான் அதிசயம்.